உருபின் மேல் ஏறும் சொற்கள்: கூலிக் கணக்கும் தமிழ் இலக்கணமும்

சிங்கம்புணரியைச் சுற்றியுள்ள நார் மில்களில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கிற நேரத்தில் பேசப்படும் தமிழை யாராவது பொறுமையாக நின்று கேட்டால், நமது இலக்கண நூல்கள் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன என்பது தெரிந்துபோகும். மட்டை அள்ளிப் போடுவது, நாரைக் காயவைப்பது, கட்டுப்போடுவது ஆகிய வேலைகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் பக்கத்து ஆட்கள் இப்போது இருக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் தமிழ் 'படிக்கவில்லை'. தூசிக்கும் மெஷின் சத்தத்துக்கும் நடுவே காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டவர்கள். அப்படி எடுத்துக்கொண்ட தமிழில் எது வந்திருக்கிறது, எது வராமல் நின்றுவிட்டது, வராமல் நின்றதனால் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். மில்லின் பேர் வேண்டாம், ஆட்களின் பேரும் வேண்டாம். ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயசிருக்கும், கணக்கப்பிள்ளையிடம் சொன்னது இது: "அண்ணே, அவன் கூட ஆறு நாள். நான் ஆறு நாள் வேலை செஞ்சேன் தான். எனக்கு அஞ்சு நாள் காசு." கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "செஞ்சேதான், யாரு இல்லேன்னா?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பையனும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வான். அஞ்சு நாள் காசோடு போய்விட்டான்.

அவன் சொல்ல நினைத்தது ரொம்பச் சாதாரணமான ஒரு வாக்கியம். நம்ம ஊர்ப் பையன் யாராக இருந்தாலும் யோசிக்காமல் சொல்லியிருப்பான்: "நானும் ஆறு நாள்தானே வேலை செஞ்சேன், எனக்கு மட்டும் ஏன் அஞ்சு நாளுக்குத்தான் போட்டிருக்கீக?" இரண்டு பேச்சிலும் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆள், நாள், வேலை, காசு எல்லாம் இருக்கின்றன. இல்லாதது நான்+உம், நாள்+தான்+ஏ, நாள்+உக்கு+தான் என்கிற ஒட்டுகள். முதலாவது, தன்னை மற்றவனோடு ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டாவது, 'உங்களுக்கே தெரியுமே' என்று எதிராளியைச் சாட்சிக்கு இழுக்கிறது. மூன்றாவது, கொடுத்தது குறைச்சல் என்கிறது. வேண்டியதைக் கேட்பதற்கு வேற்றுமை உருபு மட்டும் போதும். "எனக்குத் தண்ணி", "ஊருக்கு லீவு" என்று காலத்தை ஓட்டிவிடலாம். தகராறு பண்ணுவதற்கு உருபின் மேல் இன்னொரு சொல் ஏற வேண்டும். தமிழில் நியாயம் கேட்கும் இடம் இந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொல்காப்பியர் இதைக் குறித்து நம்மைவிடத் தெளிவாக இருந்தார் எனலாம். இடையியலில் சாரியையையும் வேற்றுமை உருபையும், தத்தம் குறிப்பால் பொருள் தருகிற ஏ, ஓ, உம் போன்றவற்றையும் இடைச்சொல் என்ற ஒரே குடும்பத்தில் வைத்தார். தாமாக நடமாடும் இயல்பு இவற்றுக்குக் கிடையாது, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்றார். உம்முக்கு எட்டுப் பொருள், ஏகாரத்துக்கு ஐந்து. 'தத்தம் குறிப்பு' என்ற அந்தச் சொல்லாட்சி யோசிக்கத்தக்கது. சொல்பவனின் மனநிலை, எதிராளியோடு அவனுக்குள்ள உறவு, அவன் வைக்கிற அழுத்தம் எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது எப்படி? வேற்றுமை எட்டு என்று ஒரு அட்டவணை. அதை ஒப்பித்தாகிவிட்டது. வேறொரு வருஷத்தில், வேறொரு பாடத்தில், இடைச்சொல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி 'அவுககிட்டேருந்துகூடவா' என்று ஒரே மூச்சில் வருவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எம்.ஏ. வகுப்பிலும் கிடையாது. இலக்கணம் என்றால் பிரித்துக் காட்டுவது, சேர்ந்து நிற்பது பேச்சு வழக்கு, அது நமக்கு எதற்கு என்கிற மனோபாவம்.

இந்த எட்டு என்கிற கணக்கே சந்தேகத்துக்குரியது என்று கால்டுவெல் 1856இல் தமது ஒப்பிலக்கணத்தில் எழுதிவிட்டார். வடமொழியைப் பார்த்து எட்டு என்று வைத்தது பிழை, திராவிட மொழிகளில் பெயரின் பின்னால் ஒட்டுகிற ஒவ்வொரு சொல்லும் ஒரு வேற்றுமைதான், அதற்குக் கணக்கே இல்லை என்பது அவர் வாதம். கால்டுவெல்லின் மற்ற முடிவுகளை மேடையில் முழங்கிய அளவுக்கு இதை யாரும் முழங்கவில்லை. இன்னொரு வேடிக்கை, 'தான்'. பழைய இலக்கணத்தில் இது படர்க்கைப் பெயர். நன்னூல் இதை அசைநிலைகளின் வரிசையிலும் சேர்த்தது. பொருளில்லாமல் வந்து நிற்கிற அசைச்சொற்களில் ஒன்று. அந்த 'தான்' எங்கே உட்காருகிறது என்பதை வைத்து இன்றைக்கு ஒருவனின் ஒரு நாள் கூலி போகிறது.

வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுக்கிச் சொல்லும் பழக்கம் அவர்கள் மொழியிலும் இருக்கிறது. இந்தியில் 'கர் மே ஸே ஹீ' என்றால் 'வீட்டுக்குள்ளேருந்தே'. முதலில் இடம், பிறகு நீக்கம், கடைசியில் அழுத்தம். வரிசை அச்சாக நம்முடையதேதான். ஆகவே 'தமிழ் அவனுக்குப் புரியாத விசித்திர மொழி' என்ற பேச்சு எடுபடாது. சிக்கல் வேறு இடத்தில். இந்தியில் 'கோ' என்கிற ஒன்றே நம்முடைய ஐ, கு இரண்டின் வேலையையும் பார்க்கிறது. வங்காளியின் 'கே' அப்படித்தான், ஒடியாவின் 'கு' அப்படித்தான். எனவே மூன்று ஊர்க்காரனும் ஒரே தவறைச் செய்கிறான்: "அவருக்கு பார்த்தேன்", "உனக்கு கூப்பிட்டாங்க". இதைத் தவறு என்கிறோமே தவிர, அதில் ஒரு ஒழுங்கு இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மூன்று மொழிக்காரர்கள் ஒரு நார் மில்லில் தங்களுக்குள் ஒரு தமிழை ஒத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது 'இருந்து'. வந்த நாளிலிருந்து அவர்களிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எங்கேருந்து வர்றே?" இதைப் பிரிக்காமல் முழுசாக விழுங்கிக்கொள்கிறார்கள். எங்கே, இருந்து. ஆகவே பதில் "பீகார் இருந்து". 'இல்' விழுந்துவிடுகிறது. கேள்வியிலும் அது காதில் விழவில்லையே! பிறகு, "அண்ணன் இருந்து வாங்கினேன்". இங்கே தமிழ் வேறொன்றையும் எதிர்பார்க்கிறது. இடம் என்றால் 'லேருந்து', ஆள் என்றால் 'கிட்டேருந்து'. உயிருள்ளதற்கு ஒரு வழி, உயிரில்லாததற்கு ஒரு வழி. இந்தியின் 'ஸே' இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை. ஊரிலிருந்தும் 'ஸே', அண்ணனிடமிருந்தும் 'ஸே', அண்ணனோடு பேசினாலும் 'ஸே'.

இதே முடிச்சு கொரிய மொழியில் இருப்பது தற்செயலானதுதான் என்றாலும் சொல்லத்தக்கது. அங்கே இடத்திலிருந்து என்பதற்கு 'எசொ', ஆளிடமிருந்து என்பதற்கு 'எகெசொ'. கொரிய மொழி கற்கிற வெளிநாட்டார் இரண்டையும் குழப்பி 'நண்பனிலிருந்து பரிசு வாங்கினேன்' என்கிற பாணியில் பேசிவிடுவது அங்கே பழகிய தடுமாற்றம். உருபின் மேல் 'தோ' என்று ஒன்றை ஏற்றினால் நம்முடைய உம். 'ஹக்யோ-எசொ-தோ' என்றால் பள்ளிக்கூடத்திலும். இந்த மட்டில் தமிழனுக்குக் கொரியம் சுலபம். ஆனால் அங்கே எழுவாய் உருபும் செயப்படுபொருள் உருபும் 'தோ' வந்து உட்கார்ந்ததும் விழுந்துவிட வேண்டும். 'அவனையும்' என்று ஐயைக் காப்பாற்றிக்கொண்டு உம்மைச் சேர்க்கிற நமக்கு அது உறுத்தும். அந்த அரசு 2004 முதல் நடைமுறைப்படுத்திவரும் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் முதலான நாட்டுத் தொழிலாளர்கள் கொரிய மொழித் தேர்வில் தேறித்தான் உள்ளே போக முடியும். அதிலுள்ள வன்முறை தனியே பேச வேண்டியது. ஆனாலும் தொழிலாளிக்கு ஒரு மொழி வேண்டும் என்கிற எண்ணமாவது அங்கே எழுத்தில் இருக்கிறது. நாம் எதுவும் கேட்பதில்லை, எதுவும் கற்றுக்கொடுப்பதுமில்லை. ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. நம்மவர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, கொரியாக்காரன் அப்பாவை அப்பா என்கிறான் என்று மார்தட்டுகிறார்கள். பக்கத்து மில்லில் ஒடியாக்காரன் 'கர-கு' என்று சொல்லி வீட்டுக்குப் போகிறேன் என்கிறானே, அந்த 'கு' நம் காதில் விழுவதில்லை. உறவு கொண்டாட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. யாரோடு உறவு கொண்டாடத் துடிக்கிறோம், யாரோடு துடிப்பதில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

உம்முக்கு வருவோம். எழுத்தில் 'எனக்கு', 'எனக்கும்' என்று பளிச்சென வேறுபட்டு நிற்பவை பேச்சில் ஒரு மூக்கொலியளவே வேறுபடுகின்றன. சொல்லின் கடைசி மகரத்தை நாம் உதடு மூடிச் சொல்வதில்லை, உயிரை மூக்கில் தள்ளிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். இந்திக்காரனுக்கு மூக்கொலி தெரியாததல்ல, 'மே', 'ஹூ' எல்லாம் அவனுக்கு மூக்கில்தான். ஆனால் அந்தச் சின்ன ஒலிக்குள் 'நானும் உன்னைப் போல ஒரு ஆள்' என்கிற பொருள் ஒளிந்திருக்கும் என்று அவன் எப்படி எதிர்பார்ப்பான்? அவன் மொழியில் அந்தப் பொருளுக்கு 'பீ' என்று தனியாக எழுந்து நிற்கிற சொல் இருக்கிறது. எனவே தமிழிலும் தனியாக எழுந்து நிற்கிற ஒன்றைத் தேடுகிறான். 'கூட' கிடைக்கிறது. ஆனால் தமிழில் கூட இரண்டு. "அவன்கூட வந்தான்" என்றால் அவனும் வந்தான் என்றும் ஆகும், யாரோ அவனோடு வந்தான் என்றும் ஆகும். நமக்குச் சூழலும் குரலின் ஏற்ற இறக்கமும் கைகொடுக்கும். அந்தப் பையன் "அவன் கூட ஆறு நாள்" என்றபோது 'அவனும் ஆறு நாள், நானும் ஆறு நாள்' என்கிற ஒப்பீடு அவன் மனசில். கேட்டவர் காதில் 'அவனோட ஆறு நாள் இருந்தேன்'. அவர் நிஜமாகவே அப்படித்தான் கேட்டாரா, அப்படிக் கேட்க விரும்பினாரா என்பது வேறு.

'தான்' விஷயம் இதைவிட மோசம். "நான்தான் அவர்கிட்ட குடுத்தேன்", "நான் அவர்கிட்டதான் குடுத்தேன்" இரண்டிலும் தான் எதன்மேல் ஏறுகிறதோ அதை மற்றவற்றிலிருந்து பிரித்து எடுக்கிறது. ஆனால் வினையின்மேல் ஏறினால் கதை மாறும். "குடுத்தேன்தான்" என்பது ஒப்புதல். கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால்... என்று இழுக்கிற பேச்சு. இந்தியில் 'காம் தோ கியா' என்கிற போது அந்தத் 'தோ' வேலைக்குப் பின்னால் நின்று 'வேலை செய்யவா இல்லை!' என்று வலியுறுத்துகிறது. அந்த வலியுறுத்தலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது கையில் கிடைத்த 'தான்' வாக்கியத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. "வேலை செஞ்சேன் தான்." உரிமையாகச் சொன்னது குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. கணக்கப்பிள்ளை அந்தத் 'தான்'ஐ அப்படியே திருப்பிக் கொடுத்தார், "செஞ்சேதான்". இலக்கணப்படி அவர் சொன்னதில் குற்றமே இல்லை. வோலஷினோவ் 1929இல் எழுதிய மார்க்சியமும் மொழித் தத்துவமும் நூலில் குறி என்பதே வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வாதிட்டதை நாம் பெரிய பெரிய சொற்களுக்கே பொருத்திப் பார்த்துவந்திருக்கிறோம். தேசம், பண்பாடு, கற்பு என்று. இரண்டெழுத்து இடைச்சொல்லில் அது நடப்பதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போதும்.

வருஷக்கணக்கில் இங்கே இருந்தும் ஏன் இது வருவதில்லை? 1980களில் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் குடியேறிய தொழிலாளர்கள் எப்படி அந்தந்த நாட்டு மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கிளைவ் பெர்டியூ, வொல்ஃப்காங் கிளைன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். எந்த மொழிக்காரராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் உருபுகளும் விகுதிகளும் உதிர்ந்த, சொற்களின் வரிசையை மட்டும் நம்பி நிற்கிற ஒரு மொழியை அமைத்துக்கொள்கிறார்கள், சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று கண்டார்கள். அது உடைந்த மொழியல்ல, அதற்கென்று விதிகள் உண்டு என்று வாதிட்டதுதான் அந்த ஆய்வின் பெருமை. ஆனால் நிற்கிறவன் ஏன் நிற்கிறான் என்பதற்கு மில்லுக்குள் வேறொரு பதிலும் இருக்கிறது. அவன் காதில் விழுகிற தமிழ் எது? தூக்கு, போடு, இங்கிட்டு வா, அங்கிட்டு வை, சீக்கிரம். ஏவல் வினைக்கு ஒட்டு எதற்கு? நாள் முழுக்க ஏவலையே கேட்கிறவன் எதிலிருந்து 'எனக்குந்தானே'யைக் கற்றுக்கொள்வான்?

இதன் தலைகீழ்ப் பிம்பம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் வெள்ளைக்கார சின்னத்துரைகள் தமிழ் பழகுவதற்காகக் கொழும்பில் கையேடுகள் அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஒன்றின் பெயரே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் போட்டதன் பெயர் 'கூலித் தமிழ்'. பெயர்களே போதும், உள்ளே போக வேண்டியதில்லை. அங்கே எசமானன் ஏவுவதற்காகத் தமிழ் படித்தான். இங்கே தொழிலாளி ஏவப்பட்டுத் தமிழ் படிக்கிறான். இரண்டு முனையிலும் கிடைப்பது அதே ஒட்டில்லாத தமிழ். ஒரு வித்தியாசம்: துரைக்கு அது போதும்.

எதிரே இன்னொரு வகை அந்நியர்களை வைத்துப் பார்க்கலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் பத்தே வருஷத்தில், 1716இல், ஜெர்மனியின் ஹாலேயில் தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் அச்சிட்டார். பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கு வீரமாமுனிவர் எழுதிய லத்தீன் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. லத்தீன் வேற்றுமைச் சட்டத்துக்குள் தமிழைத் திணித்த குறை இவர்களுக்கு உண்டு. ஆனால் இவர்கள் வந்தது வாதம் செய்ய. பிராமணரோடு, மற்ற சபைக்காரரோடு, ஒருவரோடு ஒருவர்கூட. வாதிக்க வந்தவன் இடைச்சொல்லைக் கற்காமல் இருக்க முடியாது, கற்பதற்கு அவனுக்கு முன்ஷியும் ஓய்வும் இருந்தன. தமிழில் வாதாட வேண்டிய தேவை நார் மில்காரனுக்கும் இருக்கிறது. முன்ஷி மட்டும் இல்லை.

சினிமாவில் வடக்கத்தியான் பேசுகிற தமிழ் என்று ஒன்று வைத்திருக்கிறோம். "நம்பள்கி", "நிம்பள்கி" என்று தொடங்கி இன்றைக்குவரை அது சிரிப்புக்கு. கவனித்தால் அந்தச் சிரிப்பு முழுக்க உருபுகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, சொல்லின் மேல் அல்ல. இந்த வட்டாரத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன கணக்கப்பிள்ளைகளும் பெட்டியடிப் பையன்களும் பேசிய பர்மியத்தைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் சிரித்திருக்கமாட்டார்களா என்ன. அந்தப் பேரன்கள்தான் இப்போது சிரிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் போதும். சேவுகப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மளிகைக் கடையில் எட்டு வயசுப் பெண் ஒன்று, "எங்கப்பாவுக்குந்தான் பாக்கி இருக்கு, அதையும் சேத்துக் கழிச்சுக்கங்க" என்று சொன்னதைக் கேட்டேன். அப்பா பக்கத்தில் பேசாமல் நின்றார். விளையாட்டில் சண்டை போட்டுக் கற்ற தமிழ் அது. 'நீ மட்டுந்தானா', 'நானும்தான்', 'அவன்கிட்டயே கேளு' என்று பிள்ளைகளின் சண்டை பூராவும் ஒட்டுகள்தான். சமமானவர்களோடு சண்டை போட வாய்ப்புள்ள இடத்தில் இது தானாக வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பிற மாநிலத் தொழிலாளருக்காக 1979இல் வந்த சட்டம் அவர்களுக்குத் தரும் பாஸ்புக்கில் விவரங்கள் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. எழுத்து மொழியைப் பற்றி யோசித்தவர்கள் வாய்மொழியைப் பற்றி யோசிக்கவில்லை. கேரளத்தில் மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலையும் போட்டு, வந்த தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது. இங்கே மொழிக்காக இயக்கம் நடத்திய கட்சிகளும் சரி, தொழிற்சங்கங்களும் சரி, தமிழைக் கற்றுக்கொடுப்பது ஒரு அரசியல் வேலை என்று நினைத்ததாகத் தெரியவில்லை. இந்தி உள்ளே வரக்கூடாது என்று சொல்ல நமக்கு எல்லா உரிமையும் உண்டு. வந்தவனுக்குத் தமிழ் போய்ச் சேர வேண்டும் என்பதும் அதே கோரிக்கையின் மறுபாதி அல்லவா?

நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நாகரியில் எழுதிய தமிழ் வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளைத் தயார்செய்தோம். எங்கள் பட்டியல் 'சம்பளம் எவ்வளவு', 'ஆஸ்பத்திரி எங்கே', 'உடம்பு சரியில்லை' என்று போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்களில் மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தெரியும் என்றார். அவர் கேட்டது வேறு. அதை இந்தியில் சொன்னார், நாங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தோம்: "அவருக்கும் எனக்கும் ஒரே வேலைதானே?" அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். 'அவருக்கும்' வந்துவிட்டது, 'தானே' வந்துவிட்டது. 'எனக்கும்' மட்டும் ஒவ்வொரு தடவையும் 'எனக்கு' என்றே வந்தது. உதட்டை மூடி அழுத்திச் சொல்லுங்கள், நாங்கள் சொல்கிற மாதிரி மூக்கில் விடாதீர்கள் என்று சொன்னோம். எழுத்துத் தமிழ் மாதிரி இருக்கும், பரவாயில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தாளைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம்.